குழலோடு கூட்டம் தேடியவன்

எக்வாரு செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். உயிரோடு உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்த மாமனாரைச் செத்துப்போய்விட்டார் என்று மைக் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

அவன் தொழிலே அதுதான். கூமி வட்டாரத்தில் சாவு, தடுப்பூசி, காணாமல் போன மாடு, எதுவானாலும் எக்வாருவைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒலிபெருக்கியையும் ஒரு கார் பேட்டரியையும் கட்டிக்கொண்டு அவன் புறப்பட்டால் சுற்றியுள்ள கிராமம் அத்தனைக்கும் சேதி போய்விடும். குரல் அப்படி. தொட்டில் குழந்தைகூட அந்தக் குரலுக்குத் தலை திருப்பும். அன்றைக்குச் செத்தது எசாபு என்று மாமனார் ஊர்க்காரர் ஒருவர். எக்வாரு விடிந்ததுமே அஜோன் பானையில் உறிஞ்சுகிற குழலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கேழ்வரகைப் புளிக்கவைத்துச் செய்கிற சரக்கு. வெந்நீர் ஊற்ற ஊற்ற ஊறிக்கொண்டே இருக்கும், ஆளை எழுந்திருக்க விடாது. ஒரு வழியாக எழுந்தபோது செத்தவர் பெயர் அவன் தலையில் இல்லை. அந்த ஊர் என்றதும் வாய்க்குப் பழக்கமான பெயர்தான் வந்தது. ஓலுபோட். மாமனார். அதையே சொல்லிக்கொண்டு சாயங்காலம் வரை சுற்றினான். உருக்கமாகத்தான் சொன்னான். நடுவில் தானும் கொஞ்சம் அழுதான் என்று கேள்வி.

சனம் மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஓலுபோட் வாசலில் உட்கார்ந்து கீரையைத் தொட்டுக் களி தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். துக்கத்துக்கு என்று வந்தவர்களைப் பசியோடு அனுப்ப முடியுமா? தன் சாவுக்குத் தானே ஆடு வெட்டிப் பந்தி போட்ட மனிதர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து சந்தையில் அவரைப் பார்க்கிறவர்கள், "என்ன மாமா, எப்ப திரும்பி வந்தீங்க?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

எக்வாருவின் மனைவி அமுகே மறுநாளே துணிமூட்டையோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். கத்தவில்லை, அழவில்லை. "குடிச்சிட்டு என்னை ஏசினே, பொறுத்தேன். வெதைக் கடலையை வித்துக் குடிச்சே, அதையும் பொறுத்தேன். இப்ப எங்கப்பனையே கொன்னுட்டே. இனி உனக்குக் கொல்றதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். கல்யாணத்தின்போது எக்வாரு வீட்டார் கொடுத்த மாடுகள் ஓலுபோட்டின் பட்டியில் நிற்கின்றன. அந்த மாடுகள் திரும்பி நடந்து வந்தால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. அமுகேதான் ஒரு வழி சொன்னாள். குடியை விட்டவர்கள் கூடி உட்கார்ந்து பேசுகிற கூட்டம் ஒன்று கூமியில் எங்கேயோ நடக்கிறதாம். அதில் சேர்ந்து, அங்கிருந்து ஓர் ஆளைச் சாட்சிக்கு அழைத்து வரட்டும், பார்க்கலாம் என்றாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் வரணும். இல்லேன்னா மாடு வரும்" என்றார் ஓலுபோட்.

செத்தவர் சொல்லை யார் மீறுவது? எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எக்வாரு அன்றோடு குடியை நிறுத்தினான். ராத்திரியில் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மாடுகள் வரிசையாகத் தன் வாசலுக்குள் நுழைவது தெரிந்தது. முன்னால் வருவது எப்போதும் அந்த வெள்ளைக் கிடாரிதான். அவன் அப்பா சாகும் முன் தன் கையால் தடவிக் கொடுத்து அனுப்பியது. அமுகே இல்லாத வீட்டில் அந்த மாட்டை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

ஆனால் கூட்டம் எங்கே நடக்கிறது என்று ஒரு பயலுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் வழக்கமே அதுதானாம். யார் வருகிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது. ஊருக்கெல்லாம் சேதி சொல்வது எக்வாருவின் பிழைப்பு. யாருக்கும் சேதி சொல்லாமல் இருப்பது அவர்கள் பிழைப்பு. கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் மனம் இரங்கினாள். அதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"புதன்கிழமை மத்தியானம். பழைய பஞ்சாலைக்குப் பின்னால புளியமரம். யார்கிட்டயும் வழி கேக்காதே, யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். "முக்கியமா மைக்ல சொல்லிடாதே."

"சிஸ்டர், நான் என்ன அவ்வளவு மோசமா?"

"உங்க மாமனார் எப்படி இருக்கார்?" என்றாள் நர்ஸம்மா.

எக்வாரு வெளியே வந்தான்.

புதன்கிழமை வந்தது. அப்போதுதான் எக்வாரு ஒரு காரியம் செய்தான். குடிக்கிற குழலைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் சொந்தக் குழல் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நுனியில் சல்லடை, நடுவில் தோல் பட்டை. எக்வாருவுடையது அவன் அப்பாவிடமிருந்து வந்தது. சபைக் கூட்டங்களில் தாயத்தையும் மந்திரக் கொம்பையும் கொண்டுவந்து பாதிரியார் காலடியில் போட்டு எரிப்பதை அவன் பார்த்திருக்கிறான். குடியை விடுகிற கூட்டம் என்றால் குழலைத்தானே கேட்பார்கள்? அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிட்டால் ஒரு மரியாதை. தோளில் சாத்திக்கொண்டு நடந்தான்.

ஆனால் தோளில் குழலோடு ஒருவன் நடந்தால் அவன் எங்கே போகிறான் என்று கூமியில் யாருக்கும் சந்தேகம் வராது. பஞ்சாலைச் சுவரோரம் செருப்புத் தைப்பவர் அவனைக் கூப்பிட்டார்.

"எக்வாரு! அந்தப் பக்கம் போகாதே. ஆலைக்கு வலப்பக்கம் போ. அங்கே பானை இப்பத்தான் திறந்தாங்க."

"நான் அதுக்கு வரலேண்ணே."

"பின்னே குழலை வச்சு மீன் பிடிக்கவா போறே?"

பேச்சை வளர்க்காமல் நடந்தான். ஆலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். புளியமரம் இருந்தது. மரத்தடியில் ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு பெரிய பானை. பானையிலிருந்து நாலாபக்கமும் குழல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

'அட கர்மமே, இங்கேயும் பானையா' என்று எக்வாரு அப்படியே திரும்பிவிட்டான். நர்ஸம்மா சொன்ன மரம் வேறு என்று முடிவுகட்டினான். கூமியில் புளியமரத்துக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஆடுகள் படுத்திருந்தன. கிணற்றடியில் ஒன்று. அங்கே இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டே அவன் குழலைப் பார்த்துச் சிரித்தார்கள். "இங்கே தண்ணிதான் இருக்கு, மாமா" என்றாள் ஒருத்தி. வெயில் மண்டையைப் பிளந்தது. மறுபடி பஞ்சாலைக்கு வந்து எட்டிப் பார்த்தான். அதே பானை, அதே ஆட்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை. மனுஷர்களுக்கு வேலைவெட்டி கிடையாதா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. அஜோன் பானையைச் சுற்றியிருக்கிற ஆட்களைப் பார்த்து எக்வாருவுக்கு எரிச்சல் வந்தது அவன் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

வேறு வழியில்லாமல் அதேக்கேயிடம் போனான். வட்டாரத்திலேயே பெரிய அஜோன் கடை அவளுடையது. எந்தக் குடிகாரன் எந்த மரத்தடியில் இருக்கிறான் என்பது அவனவன் பெண்டாட்டிக்குத் தெரியாவிட்டாலும் அதேக்கேக்குத் தெரியும்.

"வாடா என் தங்கமே, எத்தனை நாளாச்சு! உக்காரு. குழலோடதான் வந்திருக்கே. வெந்நி கொதிக்குது."

"உக்கார வரலேக்கா. ஒண்ணு கேக்கணும். அந்தப் பஞ்சாலைக்குப் பின்னாடி புளியமரத்தடியில உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு?"

அதேக்கே கையில் இருந்த அகப்பையை ஓங்கித் தரையில் வைத்தாள். "அந்தப் பேச்சை எடுக்காதே, எனக்கு ரத்தம் கொதிக்கும். என் ஆளுங்க பாதிப்பேரை இழுத்துட்டுப் போயிட்டாங்க. யாரோ ஒரு சிறுக்கி எனக்குப் போட்டியா அங்கே காய்ச்சறா. எவள்னு கண்டுபிடிக்க முடியலே. போனவன் ஒருத்தன் திரும்பி வரலே. அப்படி என்னதான் கலக்கறாளோ, பாவி!"

"அவ்வளவு நல்ல சரக்கா?"

"போனவன் திரும்பறதில்லேங்கறேன். அதுக்கு மேல என்ன சொல்ல?"

எக்வாரு வெளியே வந்து நின்றான். ஆக, அது சாராயக் கூட்டமேதான். கூமியிலேயே உசத்தியான சரக்கு வேறு. குடியை விடுகிற கூட்டம் என்று ஒன்று எங்கேயும் இல்லை. நர்ஸம்மா அவனைத் தொலைத்துத் தலைமுழுகச் சொன்ன பொய் அது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த புதன்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாடுகள் வந்துவிடும். தலையைத் தொங்கப்போட்டு நடந்த எக்வாருவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டான். தோளில் குழல் இருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்றால், ஏறித்தான் என்ன பிரயோசனம்? எப்படியும் பழி வந்தாயிற்று, அந்த உசத்திச் சரக்கையாவது ஒரு வாய் பார்த்துவிடலாம் என்று நேராகப் புளியமரத்துக்கு நடந்தான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். குழலைப் பானைக்குள் இறக்கினான். இடது கையால் பிடிக்கக் கூடாது, பானைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்கிற மரியாதையெல்லாம் கைக்கே தெரியும். கண்ணை மூடினான். "அமுகே, மன்னிச்சிடு" என்று முணுமுணுத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

கஞ்சி. சுடச்சுடக் கேழ்வரகுக் கஞ்சி, புளி கரைத்துச் சர்க்கரை போட்டது. கைக்குழந்தைக்குக் கொடுக்கிற கஞ்சி!

எக்வாரு கண்ணைத் திறந்தான். மறுபடி இழுத்துப் பார்த்தான். மறுபடியும் கஞ்சிதான். அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனைவியைப் பறிகொடுத்து, மானத்தை விட்டு, துணிந்து வந்து உட்கார்ந்தவனுக்குக் கஞ்சியா?

"யாருய்யா இங்கே காய்ச்சறது?" என்று முழுக்குரலில் கத்தினான். "உங்க சரக்கு செத்துப்போச்சு!"

குரல் ஆலைச் சுவரில் பட்டுத் திரும்பியது. அத்தனை பேரும் குழலை விட்டுத் தலையைத் தூக்கினார்கள். கொல்லன் ஒருவன் எழுந்து ஓடப் பார்த்தான்.

"ஐயையோ, மைக்குக்காரன்! நாளைக்குக் காலைல நம்ம பேரெல்லாம் ஊருக்கே கேக்கும்!"

"அதுவும் செத்துட்டோம்னு கேக்கும்" என்றான் இன்னொருவன்.

பஞ்சாலையில் ஒரு காலத்தில் காவல்காரராக இருந்த ஓங்கோடியா என்கிற பெரிய உருவம் கையை உயர்த்தியது. எல்லோரும் அடங்கினார்கள். "தம்பி, நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டார்.

"குடிக்க வந்தேன்" என்றான் எக்வாரு. அப்புறம் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "மத்தியானத்துலேருந்து குடிக்காதவங்க கூட்டத்தைத் தேடினேன். கிடைக்கலே. அதனால குடிக்க வந்தேன்."

ஓங்கோடியா சிரிக்கவில்லை. "அதே கூட்டம்தாண்டா இது. உக்காரு. ஆரம்பத்துல நாற்காலி போட்டு, தேத்தண்ணி கொடுத்துப் பாத்தோம். ஒருத்தனும் வாயைத் திறக்கலே. நம்ம ஆளுங்களுக்குப் பானையைச் சுத்தி உக்காந்தாத்தான் பேச்சு வருது. பானை இருக்கட்டும், உள்ள இருக்கறதை மாத்துவோம்னு மாத்தினோம். பாக்கறவன் எவனும் சந்தேகப்படறதும் இல்லே. குடிக்கிறான்னு நெனச்சுட்டுப் போயிடறான்."

"நானும் அப்படித்தான் போயிட்டேன்!"

"ரெண்டு தரம் எட்டிப் பாத்துட்டுப் போனதைப் பாத்தோம். போலீஸோன்னு நெனச்சோம்" என்றான் கொல்லன்.

அப்போதுதான் ஆலைக்கு அந்தப் பக்கத்து அடுப்பிலிருந்து கஞ்சிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, பானையை நிரப்ப ஒரு அம்மாள் வந்தாள். எக்வாரு நிமிர்ந்தான். அவள் அமுகேயின் தாய் அகிரோர்.

மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கலாகாது. ஒரே பாதையில் எதிர்ப்பட்டால் ஒருவர் புதருக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரே பானையில் குழல் போடுவது என்பதோ, வாயால் சொல்லவே கூசுகிற காரியம். எக்வாரு குப்புற விழுந்து முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான். கெட்டில் கீழே விழவில்லை. அகிரோர் பொருளைப் போட்டு உடைக்கிற ரகம் இல்லை. அதை ஓங்கோடியாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, விறுவிறுவென்று மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தாள்.

எல்லோருக்கும் விஷயம் விளங்கிற்று. அடுத்த சிக்கல் ஆரம்பமானது.

"ரெண்டு பேரும் ஒரே பானையில எப்படி?" என்றார் ஒரு கிழவர். "முறை கெட்டுப்போகும்."

"அந்த விலக்கு அஜோனுக்குத்தானே? இது கஞ்சி."

"பானை பானைதான்."

"உள்ள இருக்கறதை வச்சுத்தான் பானை. தண்ணிப் பானைக்கு விலக்கு உண்டா?"

"தண்ணிப் பானையில எவன்யா குழல் போடறான்?"

இந்த வழக்கு அரை மணி நேரம் நடந்தது. எக்வாரு முழு நேரமும் மண்ணில் முகம் புதைத்தே கிடந்தான். கடைசியில் ஓங்கோடியா தீர்ப்புச் சொன்னார். மாமியாருக்குத் தனியாகச் சுரைக்குடுக்கையில் கஞ்சி. இடம் மரத்துக்கு அந்தப் பக்கம். மருமகன் இந்தப் பக்கம். பேசுகிறதை ஆளைப் பார்த்துப் பேசாமல் மரத்தைப் பார்த்துப் பேசலாம். மரத்துக்கு எந்த முறையும் கிடையாது.

பிறகு எக்வாருவைப் பேசச் சொன்னார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கிறாள், கேட்கிறாள், அவள் புருஷனைத்தான் இவன் மைக்கில் கொன்றிருக்கிறான். ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் பக்கத்து ஆளுக்குக் கேட்கவில்லை. தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். "நான் சொன்னதை நம்பி எத்தனை பேர் அழுதாங்க. அதை நெனச்சா எனக்குச் செத்துடலாம் போல இருக்கு" என்றான்.

பிறகு மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மரமே, கேட்டுக்கோ" என்றாள் அகிரோர். "அன்னிக்கு நான் சந்தையிலேருந்து வந்துட்டிருந்தேன். ரோட்டுல அந்தச் சேதியைக் கேட்டேன். என் புருஷன் போயிட்டார்னு கேட்டதும் எனக்கு முதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? அழுகை வரலே. சாவு வீடுன்னா நாள்கணக்குல பானை வைப்பாங்க. விதவை எவ்வளவு குடிச்சாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் தோணிச்சு. நாக்குல எச்சில் ஊறிச்சு. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். ரெண்டு வருஷமா நான் தொடாம இருக்கேன், இருந்தும் அதுதான் தோணிச்சு. அப்புறம் கொஞ்ச தூரம் நடந்தப்புறம்தான், ஐயோ என் ஓலுபோட்டுன்னு அழுகை வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அவர் களி தின்னுட்டிருந்தார்."

எக்வாரு இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அமுகேயின் அம்மா புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எப்போது குடித்தாள், எங்கே ஒளித்து வைத்துக் குடித்தாள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அவனுக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கலைகிற நேரத்தில் ஓங்கோடியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை ஒரே ஒருத்தர் வந்து, இவன் எங்ககூட உக்காந்தான்னு சொன்னாப் போதும். என் பெண்டாட்டி திரும்பி வந்துடுவா."

"முடியாதுப்பா." ஓங்கோடியாவுக்கே வருத்தமாக இருந்தது. "நான் வந்து நின்னா, என் பின்னால யார் யார் இருக்காங்கன்னு ஊர் தோண்டும். இங்கே பாத்ததும் கேட்டதும் இந்த மரத்தடியிலேயே கெடக்கணும். உனக்கும் அதேதான். முக்கியமா உனக்கு."

எக்வாரு குழலை நீட்டினான். "எரிச்சிடுங்க."

"எரிக்கவா? வர புதன்கிழமை எதால குடிப்பே?" என்று அதை வாங்கி, மற்ற குழல்களோடு மரக்கவட்டில் செருகி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலுபோட் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே அஜோன் பானை. நியாயம் பேசுகிற இடத்தில் பானை இல்லாமல் நாக்கு எப்படி அசையும்? பட்டியில் மாடுகளுக்குக் கயிறு போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். வெள்ளைக் கிடாரி எக்வாருவைப் பார்த்துத் தலையை ஆட்டியது. சமையல் குடிசை வாசலில் அமுகே நின்றாள். அவனுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று அவள் பாதையையே பார்த்தாள். யாரும் வரவில்லை. அவள் முகம் வாடியது. எக்வாருவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"உக்காரு மருமகனே. குழலைப் போடு" என்றார் பெரியவர் ஒருவர்.

"வேண்டாங்கய்யா." கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"உன் குழல் எங்கே?"

"ஒரு இடத்துல இருக்கு."

"எந்த இடம்?"

"சொல்லக்கூடாதுங்கய்யா."

"சாட்சி எங்கே?"

"வர முடியாது."

"யாரு அது, வர முடியாதவர்?"

"அதையும் சொல்லக்கூடாது."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாய்விட்டே சிரித்தார். "ஊருக்கெல்லாம் தண்டோராப் போடறவன் வாய்க்கு இன்னிக்குப் பூட்டாம்!"

"உயிரோட இருந்தவனைச் செத்தான்னு சொல்லத் தெரிஞ்சுது. இருக்கிற கூட்டத்தை இருக்குன்னு சொல்லத் தெரியலியா?" என்றார் ஓலுபோட்.

எக்வாரு நிமிர்ந்தான். ஒரு பெயர் சொன்னால் போதும். அது நாக்கு நுனியிலேயே இருந்தது. போன தடவை எந்தப் பெயர் முன்னால் வந்ததோ அதைச் சொல்லிவிட்ட நாக்குதான் அது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நான் போனேன் மாமா. உக்காந்தேன். குடிக்கலே. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். நம்பலேன்னா மாட்டை ஓட்டுங்க."

அமுகே முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். ஓலுபோட் பெருமூச்சு விட்டு எழுந்தார். பட்டிக்குப் போய் வெள்ளைக் கிடாரியின் கயிற்றை அவிழ்த்தார்.

"அந்தக் கயித்தை விடுங்க" என்று சமையல் குடிசைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மருமகன் வாசலில் இருப்பதால் அகிரோர் வெளியே வர முடியாது. சுவருக்குப் பின்னால் நின்றே பேசினாள். எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.

"அவன் குழல் பஞ்சாலைக்குப் பின்னால இருக்கிற புளியமரத்துக் கவட்டில செருகியிருக்கு. என் குழலுக்கு ரெண்டு குழல் தள்ளி. முறை தப்பாம."

உறிஞ்சிக்கொண்டிருந்த பெரியவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். அமுகே சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "அம்மா..." என்றாள்.

"புதன்கிழமை ஜெபக்கூட்டம்னு சொன்னியே" என்றார் ஓலுபோட். கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"கடைசியில ஜெபமும் உண்டு" என்றது சுவர்.

"எத்தனை காலமா?"

"ரெண்டு வருஷமாப் போறேன். அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் குடிச்சேன்னு இவங்க முன்னால கேக்காதீங்க. ராத்திரி கேளுங்க, சொல்றேன்."

மாடு ஓலுபோட்டின் தோளை நக்கியது. அவர் கயிற்றைத் திரும்பவும் முளையில் கட்டினார்; ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டார். பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பானையிலிருந்து குழல்களை உருவினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அமுகே உள்ளே போய்த் துணிமூட்டையோடு வெளியே வந்தாள். எக்வாருவின் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

ஓலுபோட் திரும்பவில்லை. மாட்டின் முதுகைத்தான் தடவிக்கொண்டிருந்தார். "அகிரோர்" என்றார்.

"ம்."

"இந்தப் பய மைக்ல நான் செத்துட்டேன்னு சொன்னானே, அன்னிக்கு. அதைக் கேட்டப்ப நீ அழுதியா?"

எக்வாரு தரையைப் பார்த்தான்.

"அழுதேன்" என்றாள் அகிரோர். "கொஞ்சம் தாமதமா அழுதேன்."

"ரோட்டுல சத்தம் சரியாக் கேட்டிருக்காது" என்றார் ஓலுபோட். "ஏண்டா, உன் ஒலிபெருக்கி அன்னிக்குச் சரியில்லையா?"

எல்லோரும் எக்வாருவைப் பார்த்தார்கள்.

"ஆமாம் மாமா" என்றான் எக்வாரு. "பேட்டரி வீக்கு."